டிரையத்லான் விதிகளைத் தமிழில் விளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் என மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அயர்ன்மேன் 70.3 போட்டி 2019இல் கோவாவுக்கு வந்ததிலிருந்து, டிரையத்லான் எனப்படும் இந்த மூவகைப் போட்டியில் நம்மவர்களின் ஆர்வம் கூடியிருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் உடலைத் தயார்செய்பவர்கள் விதிப்புத்தகத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. நானும் முதல் போட்டிக்கு அப்படித்தான் போனேன்.

பெரும்பாலும் தண்டனையைக் கொண்டுவருவது ஏமாற்றும் எண்ணமல்ல, பழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு அதிகாலையில், முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவர் சக்கரத்தை ஒட்டியே வரிசையாக மிதிப்பார்கள். பயிற்சிக்கு அது நல்லதே. போட்டியில் அதுவே டிராஃப்டிங் என்னும் குற்றம். அயர்ன்மேன் போட்டிகளில் நம்மைப் போன்ற, தொழில்முறையாளர் அல்லாத வயதுப்பிரிவு வீரர்கள், முன்னவரின் முன்சக்கரத்துக்கும் தம் முன்சக்கரத்துக்கும் இடையே 12 மீட்டர், அதாவது சுமார் ஆறு சைக்கிள் நீளம், விட்டாக வேண்டும். அதற்குள் நுழைந்தால் 25 விநாடிகளுக்குள் முந்திவிட வேண்டும். முந்தப்பட்டவர்தான் பின்வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாமல், ரோஷத்தில் உடனே திருப்பி முந்தப் பார்க்கிறார்கள். பிடிபட்டால் 5 நிமிடம் நிற்க வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு அது இரண்டரை கி.மீ. இழப்பு. ஒலிம்பிக்கில் கூட்டமாகச் செல்கிறார்களே என்று கேட்பவர்கள், அங்கே அது அனுமதிக்கப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

நீச்சல் முடிந்து வந்து, நிறுத்திவைத்த சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கும் முன்பே தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிவிட வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை அங்கே வைத்த பிறகே கழற்ற வேண்டும். ஏறுவதற்கான கோட்டைக் கடக்கும் முன் சைக்கிளில் ஏறக் கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தக் கோட்டுக்கு முன்பே ஏறியதற்காக 15 விநாடி நிறுத்தப்பட்ட பிரிட்டன் வீரர் ஜானதன் பிரவுன்லீ வெண்கலத்தோடு திரும்பினார். அவருக்கே இது நேருமென்றால் நாம் எம்மாத்திரம்!

அன்பினால் வரும் தவறுகளும் உண்டு. தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி கூடவே ஓடிவரும் உறவினரால் வீரருக்குத்தான் தண்டனை. 2019இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் முன்னோட்டப் போட்டியில் கைகோத்து முதலாவதாக எல்லையைத் தொட்ட பிரிட்டன் வீராங்கனைகள் ஜெசிக்கா லியர்மன்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் இருவருமே தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். வேண்டுமென்றே சமநிலையில் முடிப்பதை விதி ஏற்பதில்லை.

நமக்குச் சாதகமான விதியும் தெரியாமல் போகிறது. நீச்சலில் மூச்சு முட்டினால் பாதுகாப்புப் படகைப் பிடித்து இளைப்பாறலாம். அதைக் கொண்டு முன்னேறாத வரை தண்டனை இல்லை. கடலுக்குப் புதியவர்கள் பதற்றத்தில் போட்டியையே கைவிடுவது இது தெரியாமல்தான்.

நான் கலந்துகொண்ட போட்டிகளில் விளக்கக் கூட்டம் ஆங்கிலத்தில் மட்டுமே, அதுவும் அவசரமாக, நடந்தது. தமிழகத்தில் போட்டி நடத்துவோர் பதிவு எண்ணோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பையும் தர வேண்டும். சைக்கிளை ஒப்படைக்கும் இடத்தில் 12 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகளைப் போட்டுக் காட்டினாலே பாதிப் பேருக்கு விளங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவான்மியூர், சென்னை