ஆறு மணி என்று போட்டால் ஆறு மணிக்குப் பாட வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் போன மாதம் நடந்த திரையிசைக் கச்சேரி பற்றி உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்திருந்தது. ரசிகர் வெள்ளம் என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். வெள்ளம் உண்மைதான், அதில் நானும் இருந்தேன். ஆனால் கச்சேரி எப்படி முடிந்தது என்று உங்கள் நிருபர் எழுதவில்லை. முன்பே கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. பாடகியின் பெயரையும் நடத்தியவர்களின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. பாடகி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நடத்தியவர்களைச் சொல்வதென்றால், நம் பக்கத்தில் யார் நடத்தினாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

என்னோடு வந்த மதினிக்கு எஸ்.பி.பி.யை ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று இருந்ததில் 2020 செப்டம்பரில் அவர் போய்விட்டார். அதனால் இந்தக் கச்சேரி என்றதும் விலையைக்கூடப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். டிக்கெட்டில் மாலை 6 மணி என்று இருந்தது. வீரவநல்லூரிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பஸ் ஏறினோம்.

6 மணிக்கு மேடையில் மைக் சோதனை நடந்துகொண்டிருந்தது. சரி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று உட்கார்ந்திருந்தோம். ஏழு மணி வாக்கில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அப்புறம் வரவேற்புரை. அதற்கப்புறம் பணம் கொடுத்து உதவியவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, ஒரு போட்டோ. பொன்னாடை வாங்கியவர்களில் பாதிப் பேர் 'ரெண்டே வார்த்தை' என்று மைக்கைக் கையில் வாங்கினார்கள். அந்த ரெண்டு வார்த்தை எவ்வளவு நீளம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாவம், பாடகியும் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பாட்டு தொடங்கும்போது மணி எட்டு.

அந்தப் பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எடுத்த எடுப்பில் குரல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. பல்லவி முடிந்து இடையிசை வந்தபோது பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஒரு வாய் குடித்தார், வயலின்காரரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார், சரணத்தில் குரல் இளகிவிட்டது. மூன்றாவது பாட்டில் புல்லாங்குழல் வாசித்தவர் ரிக்கார்டில் இல்லாத ஒரு சங்கதியை, அதாவது அதே வரியை வேறு மாதிரி வளைத்து, போட்டார். பாடகி சிரித்துக்கொண்டே அடுத்த வரியில் அதே சங்கதியைப் பாடிக் காட்டினார். முன்னே பின்னே யாரென்று தெரியாதவர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆயிரம் தடவை செல்போனில் கேட்ட பாட்டுக்குக் காசு கொடுத்துப் போய் உட்காருவது இதற்குத்தானே. பேஸ் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தால் வார்த்தைகள் இன்னும் தெளிவாக விழுந்திருக்கும். அது வேறு கடிதம்.

ஒன்பது மணி தாண்டியதும் கச்சேரியின் நடையே மாறிப்போனது. மேடைக்குக் கீழிருந்து ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். முதலில் இரண்டாவது சரணம் போனது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று புரியும். பல பாட்டுகளில் நல்ல வரி இரண்டாவது சரணத்தில்தான் ஒளிந்திருக்கும். பிறகு சரணமே போய் வெறும் பல்லவிகளைக் கோத்துப் பாடினார்கள். வாத்தியக்காரர்களின் பெயர்களைத் தொகுப்பாளர் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். அந்தப் புல்லாங்குழல்காரரின் பெயர் என் காதில் விழவே இல்லை.

1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகி பாடிய 'சிங்கார வேலனே தேவா' பாட்டுக்கு நாகஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். காருகுறிச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தப் பாட்டைத்தான் கடைசியாகப் பாடி முடிக்கப் போவதாகப் பாடகி தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அதற்கென்று இந்த வட்டாரத்து நாகஸ்வரக்காரர் ஒருவரையும் அழைத்திருந்தார்கள். மேடையின் பக்கவாட்டில் நாகஸ்வரத்தில் செருகி ஊதும் சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டு அவர் காத்திருந்தது எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது. பத்து மணிக்குப் போலீஸ் அதிகாரி வந்து பேசினார், மைக்கை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாட்டும் போயிற்று, அந்த மனிதர் வாசிப்பும் போயிற்று. "அவ்வளவு நேரம் சால்வை போட்டதுக்கு இந்த ஒரு பாட்டக் கேட்டிருக்கலாம்லா" என்றார் மதினி.

போலீஸ் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. உச்ச நீதிமன்றமும் 2005-ல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விழாக்களுக்காக வருஷத்தில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை நீட்டிக்க மாநில அரசுக்கு இடம் உண்டு. அதைக் கேட்டு வாங்கலாமே என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பாளையில் தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் படுக்கையில் கிடக்கிற நோயாளியும் நம் பொன்னாடைகளுக்காக ஏன் முழித்திருக்க வேண்டும்? அதோடு 12 மணிக்குக் கச்சேரியை முடித்தால் அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்து ஆட்கள் எந்த பஸ்ஸில் வீடு போய்ச் சேருவது?

எனக்குத் தோன்றுவது இதுதான். நம் ஊரில் இந்தத் தாமதம் கோயில் கொடைத் திருவிழாவில் பழகிய பழக்கம். கொடையில் நடுச்சாமத்துப் பூசையான சாமக்கொடை முடிந்த பிறகும் வில்லுப்பாட்டு ஓடும், மெல்லிசைக் கச்சேரியும் விடிய விடிய நடக்கும். அங்கே எப்போது தொடங்கினால் என்ன, பொழுது விடிவதற்குள் பாட வேண்டியதைப் பாடிவிடுவார்கள். மரியாதை செய்ய ஒரு மணி நேரம் எடுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பத்து மணிக்கு மூட வேண்டிய டிக்கெட் கச்சேரியில் அதே பழக்கத்தைக் கொண்டுவந்தால், முன்னால் தின்ற ஒவ்வொரு நிமிஷமும் பின்னால் ஒரு பாட்டின் தலையில்தான் விழும்.

பணம் கொடுத்தவர்களுக்கு மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் பணத்தில் மட்டும் இவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டுவர முடியாது என்பது எனக்கும் தெரியும். பாடகி நடுவில் குரலுக்கு ஓய்வு கொடுக்கும் பத்து நிமிஷத்தில் அதைச் செய்யலாம். பெரிய திரை வைத்திருக்கிறார்களே, அதில் பெயரையும் படத்தையும் ஓடவிடலாம். டிக்கெட்டில் கதவு திறக்கும் நேரம் ஒன்று, முதல் பாட்டு தொடங்கும் நேரம் ஒன்று என்று இரண்டையும் அச்சடிக்கலாம். அனுமதி கொடுக்கும் போலீசாரும் முடிக்கும் நேரத்தைக் கேட்பது போலத் தொடங்கும் நேரத்தையும் கொஞ்சம் கண்டிப்பாகக் கேட்கலாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள் அல்லவா? இப்படிப்பட்ட கச்சேரி நாளில் பத்தேகாலுக்கு மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று விட்டால் போதும். பெண்கள் பஸ்ஸை நினைத்துப் பாதிக் கச்சேரியில் எழுந்து ஓட வேண்டியிருக்காது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கச்சேரிச் செய்தி போடும்போது, டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்தையும் முதல் பாட்டு தொடங்கிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வந்திருந்த பிரமுகர்களின் பெயர்ப் பட்டியலில் இரண்டு வரியைக் குறைத்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.