கால் மணி நேரம் நின்றால் மக்கர்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இரண்டு வாரம் குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஆனால் கண்ணைப் பற்றி நாலு வரி, காரைப் பற்றி மூன்று பக்கம் என்றால், பானெட்டைத் திறக்காமலா இருந்திருப்பாய்? எனக்கு முட்டிவலி அப்படியேதான். உன் கார் சூட்டில் மக்கர் பண்ணுகிறது, என் முட்டி குளிரில்.

மூன்று பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே வரி. நிறுத்திய உடனே போட்டால் பிடித்துக்கொள்கிறது, கால் மணி நேரம் கழித்துப் போட்டால் அடம்பிடிக்கிறது, ஒரு மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது என்கிறாய். பாதி வேலையை அந்த வரியே முடித்துவிட்டது.

வண்டி ஓடும்வரை தண்ணீரும் காற்றாடியும் சூட்டை இழுத்துக்கொண்டு போகின்றன. சாவியைத் திருப்பியதும் இரண்டும் நின்றுவிடும், இரும்பில் இருக்கும் சூடு நிற்காது. அது மெல்ல மேலேறி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர், பெட்ரோல் குழாய், பம்ப் எல்லாவற்றிலும் இறங்கும். அதனால் நிறுத்திய பத்து இருபது நிமிடத்தில்தான் பானெட்டுக்குள் வெக்கை உச்சத்தில் இருக்கும். பெட்ரோலோ தண்ணீரைப் போல ஒரே சூட்டில் கொதிப்பதில்லை. அதிலுள்ள லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். இப்போது எத்தனால் வேறு கலக்கிறார்கள். எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆனால் கொஞ்சம் பெட்ரோலில் சேர்ந்துவிட்டால் மொத்தக் கலவையும் சீக்கிரம் ஆவியாகிறது. அந்தக் காலப் பெட்ரோலுக்காகச் செய்த கார்புரேட்டர் இதற்கு என்ன பண்ணும், பாவம்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஒரே சூடு நேரெதிரான இரண்டு கோளாறுகளைக் கொடுக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தில் அது கொதித்து, ஜெட் என்ற சின்னத் துளை வழியாக மேனிஃபோல்டுக்குள், அதாவது இன்ஜினுக்குக் கலவை போகும் குழாய்க்குள், வழிந்தால் ஓவர்ஃப்ளோ. கிண்ணம் ஆவியாகி வற்றிவிட்டாலோ, பம்புக்கு வரும் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டாலோ பட்டினி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. வைத்தியம் மட்டும் தலைகீழ். ஓவர்ஃப்ளோ என்றால், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். நீ செய்வதுபோல விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னொரு மடக்குப் பெட்ரோல் உள்ளே போகும்.

எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடம்பிடிக்கும் அந்த நிமிடத்திலேயே ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் நின்றபடி இருக்க, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார். கையால் ஆக்சிலரேட்டர் கம்பியை இழு. உன்னுடையதில் மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கிறது, ஆகையால் கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். ஒன்றும் வரவில்லை என்றால் கிண்ணம் காலி. தொடுவதற்கு முன்பே ஜெட்டிலிருந்து தானாகச் சொட்டிக்கொண்டிருந்தால் ஓவர்ஃப்ளோ. சந்தேகம் இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்: நனைந்து கறுத்திருந்தால் அதிகம், காய்ந்திருந்தால் வரத்தே இல்லை. நீ எட்டிப் பார்க்கும்போது யாரையும் செல்ஃப் அடிக்க விடாதே. ஒரு தடவை உள்ளிருந்து தீ திருப்பி அடித்து என் இடது புருவம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ சிரித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நீ சந்தேகப்படும் காயில், அதாவது பிளக்கின் ஸ்பார்க்குக்கு வோல்டேஜைக் கூட்டிக்கொடுக்கும் கம்பிச்சுருள், அந்த விஷயத்துக்கு வருகிறேன். சூட்டில் காயில் சோர்ந்து போவது உண்மைதான். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும், 60 டிகிரி சூடானால் 3 ஓம் காயில் 3.7 காட்டும். அது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்படாதே. உள்ளே இன்சுலேஷன் போன காயிலும், ஸ்பார்க் பலவீனமாகாமல் பார்த்துக்கொள்ளும் கண்டென்சர் சூட்டில் கைவிட்டால் அதுவும் பெரும்பாலும் ரோட்டிலேயே இருமிக் காட்டிக்கொடுத்துவிடும். உன் வண்டி ஓடும்போது பட்டுப்போல ஓடுகிறது என்கிறாய், எனவே என் ஓட்டு பெட்ரோலுக்குத்தான். இருந்தாலும் ஒரு உதிரி பிளக்கை இன்ஜினில் எர்த் ஆகும்படி, கார்புரேட்டருக்குத் தள்ளி வைத்து ஸ்பார்க்கைப் பார்த்துவிடு. நீலமாகச் சடசடவென்று அடித்தால் சரி, மஞ்சளாக இழுத்தால் முதலில் கண்டென்சரை மாற்று. செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் பேட்டரி, எர்த் வயர், டைமிங்கை எல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

காயிலை உடனே மாற்றாதே என்று நான் சொல்வது பட்டு அறிந்ததால்தான். என் வண்டிக்கும் இதே நோய் வந்தபோது காயில், அதன் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், கண்டென்சர், நாலு பிளக் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். சரியாகிவிட்டது! மூன்று மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வெயில் திரும்பியது, மக்கரும் திரும்பியது. நடுவில் வேலை செய்தது என் காயில் அல்ல, குளிர்ந்த பருவம். கடைசியில் பார்த்தால், கார்புரேட்டரை ஓவர்ஹால் பண்ணியவர் அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்க இருக்க வேண்டிய தடித்த பேக்லைட் துண்டைத் திருப்பிப் போடாமல், மெல்லிய கேஸ்கெட்டை மட்டும் வைத்து முடுக்கியிருக்கிறார். போதாததற்கு, கிண்ணத்தில் எவ்வளவு பெட்ரோல் நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஃபிளோட் மட்டமும் ஏறியிருந்தது. ஆகவே நீ முதலில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று பார்.

ஈரத்துணி வைத்தியமும் செய்து பார்க்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு இடம்தான். முதல் நாள் பெட்ரோல் பம்பின்மேல் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, செல்ஃப் அடி. அடுத்த நாள் காயில்மேல். இரண்டிலும் ஒன்றாகப் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், உனக்கு ஒன்றும் தெரியாது. மேனிஃபோல்டு பக்கம் மட்டும் தண்ணீரைக் கொண்டுபோகாதே, சூடான வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். நிறுத்தி எத்தனை நிமிடத்தில் போட்டாய் என்பதையும் குறித்துக்கொள்.

டாங்குக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். பெட்ரோலை உறிஞ்சும்போது அழுத்தம் குறைந்து ஆவி சீக்கிரம் கிளம்பும், பின்னாலிருந்து தள்ளினால் அது குறையும். ஆக, குழாயில் ஆவி அடைக்கிறது என்று தெரிந்தால் அது நல்ல யோசனைதான். கிண்ணம் கொதித்து வழிகிறது என்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பொறு. அதுவரை வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து விடு, அதிலேயே கொஞ்சம் அடங்கும்.

கார்புரேட்டர் வாயில் என்ன பார்த்தாய், பிளக் என்ன நிறம் என்று எழுது. ஆனால் குனிந்து பார்க்கும் வேலையை உன் பையனிடம் கொடு, இரண்டு வாரம் முடியும்வரையாவது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாயா?

அன்புடன்,
மூர்த்தி