அப்பாவுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கணக்கு

டூங்காபி, சிட்னி
21-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். நீங்களும் அம்மாவும் பாட்டியும் சௌக்கியமா?

உங்கள் கடிதம் வைகாசியிலேயே வந்துவிட்டது. ஆனி போய் ஆடியும் பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் சொல்லலாமென்றால் உங்கள் காதில் பாதிதான் விழுகிறது. அம்மா நடுவில் நின்று எடுத்துச் சொல்வதில் மீதிப் பாதியும் வேறாகிவிடுகிறது. "வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் என்ன கட்டுகிறாய், கம்பெனிக்காரன் எதற்கெல்லாம் பொறுப்பு ஏற்கிறான், விவரமாக எழுது" என்று கேட்டிருந்தீர்கள். முப்பது வருடம் எல்.ஐ.சி. பையைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்துத் தெருவெல்லாம் நடந்தவருக்கு அரைகுறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது, மூன்று இடத்தில் விலை கேட்டு கணக்கைக் கையில் வைத்திருக்கிறேன்.

இங்கே நல்ல குளிர். விடியற்காலையில் நாலைந்து டிகிரி. வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறேன். இட்லி மாவு பொங்குவதே இல்லை. ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் இரவெல்லாம் எரியவிட்டால் காலையில் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், வெந்தயம் கூடப் போட்டும் பார்த்துவிட்டேன்.

வீடு செங்கல் வீடு என்று போட்டோ பார்த்துச் சொன்னீர்களே, அது வெளியிலிருந்து பார்ப்பதற்குத்தான். செங்கல் வெளியே ஒரே ஒரு வரிசை. உள்ளே முழுக்க மரச்சட்டம், அதன் மேல் ஜிப்சம் பலகை. கூரையைத் தாங்குவது அந்த மரம்தான். நம் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கத் துளைபோடும் மிஷின் வேண்டும், இங்கே கட்டைவிரலால் அழுத்தினால் பலகை உள்வாங்கும். தீப்பிடித்தால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக் கடன் கொடுத்த வங்கியும் கட்டடத்துக்கு பாலிசி இருந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறது.

பாலிசி இரண்டு பகுதி. ஒன்று கட்டடத்துக்கு, இன்னொன்று உள்ளே இருக்கும் சாமான்களுக்கு. போன வருடம் இரண்டுக்கும் சேர்த்து 2,140 டாலர். இந்த வருடம் அதே கம்பெனி 2,960 கேட்கிறது. ஒரு கிளெய்ம்கூட நாங்கள் போட்டதில்லை. போன் பண்ணிப் பேசியதும் 170 குறைத்தார்கள். கேட்டால் குறைக்க முடிகிறதென்றால், கேட்காதவரிடம் ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்கு ஆற்றவேயில்லை.

இரண்டாவது கம்பெனி 2,310 என்றது. உங்கள் மாப்பிள்ளை உடனே கட்டிவிடலாம் என்றார். நான்தான் பாலிசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கட்டடம் போனால் தரும் தொகையை 5,40,000 டாலர் என்று அவர்களாகவே போட்டிருந்தார்கள், வெள்ளத்தையும் விட்டுவிட்டிருந்தார்கள். நிலம் எரியாது, அதனால் வீட்டின் சந்தை விலை இங்கே கணக்கில்லை. இடிபாட்டை அள்ளிக்கொட்டி, திரும்ப அதே வீட்டைக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. எங்கள் வீட்டுக்கு அது 6,90,000 வருகிறது. 2003 ஜனவரியில் கான்பராவில் காட்டுத்தீ ஊருக்குள் புகுந்து சுமார் 500 வீடு எரிந்தபோது, பாலிசி வைத்திருந்தும் அந்தப் பணத்தில் திரும்பக் கட்ட முடியாமல் போனவர்கள் நிறையப் பேர். "பிரீமியத்தைப் பார்க்காதே, தொகையைப் பார்" என்று திண்ணையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! தொகையை ஏற்றி, வெள்ளத்தையும் சேர்க்கச் சொன்னதும் அந்த 2,310 அப்படியே 3,480 ஆகிவிட்டது.

வெள்ளம் என்றால் இங்கே அதற்கு ஒரு சட்ட அர்த்தம் இருக்கிறது அப்பா. கூரை வழியாக மழை இறங்கினால் அது புயல் மழைக் கணக்கு. ஆறோ ஓடையோ கரை மீறி வந்தால்தான் வெள்ளம். 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் மூழ்கியபோது கம்பெனிக்குக் கம்பெனி வெவ்வேறு அர்த்தம் சொன்னதால், பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒருவருக்குப் பணம் வந்து மற்றவருக்கு வராமல் போனது. அந்தச் சண்டைக்குப் பிறகு 2012-இல்தான் எல்லோருக்கும் ஒரே அர்த்தம் என்று விதி கொண்டுவந்தார்கள். இங்கே எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓடை போகிறது. காவிரியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது வாய்க்கால்தான். ஆனால் 2022 மார்ச் மழையில் பூங்காவின் ஊஞ்சல் பலகை வரை தண்ணீர் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். வெள்ளத்தை விட்டு பாலிசி எடுக்க என்னால் முடியாது.

மூன்றாவது கம்பெனி அதே தொகை, வெள்ளம் சேர்த்து 2,705. இதில் வரி வேறு: தீயணைப்பு, அவசர சேவைக்கென்று ஒரு தொகை, அதையும் சேர்த்து 10 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கும் மேல் 9 சதவீத முத்திரை வரி. நஷ்டம் வந்தால் நாம் முதலில் போட வேண்டிய பங்கை 1,000-லிருந்து 2,000-ஆக உயர்த்தியதில் பிரீமியம் 2,455-க்கு இறங்கியது. அதையே எடுத்துவிட்டோம். ஒரே தடவையாகக் கட்டினால் அந்த 2,455, மாதாமாதம் என்றால் 225. இந்த வருடம் மாதத் தவணை. ஒரு வசதிக்காகத்தான், நீங்கள் வேறு எதுவும் நினைக்க வேண்டாம். 2022 மே முதல் 2023 நவம்பருக்குள் இந்த நாட்டு ரிசர்வ் வங்கி 13 தடவை வட்டியை ஏற்றிவிட்டது, எல்லோர் வீட்டிலும் இதே பேச்சுதான். நாங்கள் நன்றாகவே சமாளிக்கிறோம்.

பக்கத்து வீட்டு மால்டா நாட்டுக்காரரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அவருக்கு இப்போது 81. இன்னும் ஏணி போட்டு ஏறி கூரை ஓரத்து மழைநீர்த் தகரக் காலில் விழுந்த இலையை வாரமொருமுறை கையால் அள்ளுகிறார். நாங்கள் அள்ளாவிட்டால் எங்களுடையதையும் அள்ளிவிடுவார். பராமரிக்காத வீடு என்று கம்பெனி கையை விரித்துவிடும் என்று பயம். 1999 ஏப்ரல் 14-ஆம் தேதி சிட்னியிலேயே கென்சிங்டனில் அவர் குடியிருந்தபோது கிரிக்கெட் பந்து அளவுக்கு ஆலங்கட்டி விழுந்து, தெருவில் ஒரு வீடு விடாமல் ஓடு நொறுங்கியதாம். மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குக் கீழேதான் குடித்தனம். அன்றைக்கு உடைந்த ஓடு ஒன்றை அலமாரியில் இன்னும் வைத்திருக்கிறார். என் கையில் கொடுத்தார். நடுவில் பொத்தலும், அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கீறலும். வருடா வருடம் வீட்டில் ஒவ்வொரு டிராயரையும் திறந்து படமெடுத்து மகளிடம் கொடுத்து வைப்பாராம். என்னையும் செய்ய வைத்தார்.

அப்படித்தான் போன ஞாயிறு அறை அறையாக எழுதினேன். சோபா, டிவி, கட்டில் எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. கிரைண்டருக்கு வந்தேன், பாட்டி கொடுத்த குத்துவிளக்குக்கு வந்தேன். "புதிதாக வாங்க என்ன ஆகும்" என்று கேட்கிறது படிவம். அடித்தட்டில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கிறது, அதில் 'ள்'-இன் வால் தேய்ந்துபோயிருக்கிறது. நான் என்ன எழுதுவது? கடைசியில் பித்தளை விளக்கு, 300 என்று எழுதினேன். எழுதிவிட்டு அதைத் துடைத்து எண்ணெய் ஊற்றி ஏற்றி வைத்தேன். வெள்ளிக்கிழமைகூட இல்லை.

நகைக்குத் தனி உச்சவரம்பு. ஒரு நகைக்கு 2,500 டாலருக்கு மேல் என்றால் மதிப்பீட்டுச் சான்றும் ரசீதும் கொடுத்துத் தனியாகப் பதிய வேண்டும். அம்மா போட்ட அட்டிகைக்கு இரண்டுமே என்னிடம் இல்லை.

பாலிசிப் புத்தகத்தில் இன்னொரு வரி எழுதியிருக்கிறது. வீட்டில் தொடர்ந்து 60 நாளுக்கு மேல் ஆளில்லாவிட்டால் அதன் பிறகு பல நஷ்டத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. டிசம்பரில் எல்லோருமாக வந்து, பொங்கல், தைப்பூசம் எல்லாம் பார்த்துவிட்டு மூன்று மாதம் இருந்து போகலாமா என்று நான் மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நம் வீட்டில் ஒரு நாளாவது வாசல் தெளிக்காமல் இருந்திருக்கிறதா அப்பா? மாடியறையில் இப்போது யார் படுக்கிறார்கள்? அந்த ஜன்னல் கொக்கி இன்னும் காற்றுக்கு அடித்துக்கொள்கிறதா? நான் வந்து 4 வருடம் 7 மாதம் ஆகிறது. சின்னவளுக்கு உங்கள் குரல் தெரிகிறது, நீங்கள் வெற்றிலை மடிக்கிற கை தெரியாது. டிக்கெட் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கிறேன்.

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா? ஆடிப்பெருக்குக்கு அம்மா படித்துறைக்குத் தனியாகப் போக வேண்டாம், தங்கையையும் இந்த மாதத்தில் படியிறங்க விடாதீர்கள். வளைகாப்பு நாள் குறித்ததும் எழுதுங்கள், புடவைக்கு நான் அனுப்புகிறேன்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரியப்பா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், அண்ணனை ஒரு நாள் லீவு போடச் சொல்லி தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊருக்கெல்லாம் பாலிசி போட்டீர்களே, நம் வீட்டுக்கு ஒன்று இருக்கிறதா? 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டை அத்தை தோப்பு போனதை நேரில் பார்த்தவர் நீங்கள். பிரீமியம் என்னவென்று விசாரித்து எழுதுங்கள், நான் கட்டுகிறேன்.

கண் ஆபரேஷனை மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவை பீரோவின் மேல் தட்டில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். அட்டிகை ரசீது மஞ்சள் துணிப்பையில் இருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணன் போனில் படமெடுத்து அனுப்பினால் போதும்.

உங்கள் அன்பு மகள்