"இன்றைக்குப் போகாதே" என்று சொன்னவர்களுக்கு

சுவிஸ் மலையூரான கிரின்டெல்வால்டில் ஓடி முடித்து மூன்று கிழமை ஆகிறது. இடது பெருவிரல் நகம் நேற்றுத்தான் கழன்று விழுந்தது. படியில் பின்பக்கமாக இறங்கிய நாட்களும் போய்விட்டன, இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஐகர் அல்ட்ரா ட்ரெயில் என்கிற மலைப்பாதைப் போட்டியின் 51 கிலோமீட்டர் ஓட்டம், 3100 மீட்டர் ஏற்றம், எனக்கு 11 மணி 42 நிமிடம். வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் முதலில் நன்றி. நீங்கள் பார்த்தது பாக்கால்ப்சே ஏரிக்கரையில் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம். அந்தப் படத்தில் இல்லாத ஆட்கள் கொஞ்சப்பேர் இருக்கிறார்கள். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில், பேர்ண் நகரம் மூடுபனிக்குள் கிடந்த மாதங்களில் என்னோடு நின்றவர்கள். ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இவர்களில் அநேகமாக எல்லாருமே ஒரு தடவையாவது என்னை மறித்திருக்கிறார்கள். "போ, உன்னால் முடியும்" என்றவர்கள் நிறையப்பேர், அவர்களுக்கு அப்போதே லைக் போட்டாயிற்று. மறித்தவர்களுக்கு நான் அன்றைக்குக் காட்டியது முகச்சுளிப்பு மட்டும்தான்.

எங்கள் ஓட்டக் குழுவின் மூத்தவர் 67 வயதுப் பேர்ண்காரி. நான் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன், பொருள் சொல்லிக்கொடுத்த பிறகும் அவர் கோபிக்கவில்லை. குளிர்கால மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் படித்தது. தண்ணீர்ப் பையின் குழாயில் குடித்து முடித்ததும் திரும்ப ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் நிற்கிற தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். வாசலில் குளிருகிறதே என்று தடித்த ஜாக்கெட்டோடு வெளிக்கிட்டால் ஏற்றத்தில் வியர்வையால் நனைந்து, உச்சியில் காற்றுப் பட்டவுடன் நடுக்கம் பிடித்துவிடும், ஆகையால் தொடங்கும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும், மேலே போனதும் காய்ந்த உள்சட்டையை மாற்ற வேண்டும், வெட்கம் பார்க்கக் கூடாது. (மைனஸ் 9 பாகையில் உச்சியில் நின்று சட்டை மாற்றுகிற யாழ்ப்பாணத்துப் பெண்ணை என் மாமி பார்க்க வேண்டும்.) சப்பாத்தின் மேல் இழுத்து மாட்டுகிற இரும்புப்பல் சங்கிலியையும் அவரே இரவல் தந்தார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு கான்ட்ரிஷ் மலைப் பக்கம் போவதாக இருந்தோம். இரண்டு நாள் பனி கொட்டியிருந்தது, கூடவே காற்று. டாவோஸிலுள்ள பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை போடும். சனி மாலை அறிக்கையில் பனிச்சரிவு அபாயம் நிலை 3. "ஐந்தில் மூன்றுதானே, நடுவில்தானே நிற்கிறது" என்றேன், ஏதோ பள்ளிக்கூடத்துப் புள்ளி மாதிரி. ஆச்சி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சுவிஸில் பனிச்சரிவில் சாகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நிலை 3 நாட்களில்தான் சாகிறார்கள் என்றார். நிலை 5 என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். மூன்றில்தான் வானம் நீலமாக இருக்கும், பனி புதிதாக இருக்கும், என்னைப் போன்றவர்கள் வெளிக்கிடுவார்கள். அப்புறம் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். 30 பாகைக்கு மேல் சரிந்த இடம் மஞ்சள், 35க்கு மேல் செம்மஞ்சள், 40க்கு மேல் சிவப்பு. நான் போக நினைத்த பாதையில் நிறமே இல்லை, அதைத்தான் நானும் பெருமையாகக் காட்டினேன். "உன் காலுக்குக் கீழே பார்க்காதே, தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்" என்றார். மேலே முழுக்கச் சிவப்பு.

அன்றைக்கு இளஞ்சிவப்புப் பலகை நட்ட குளிர்கால நடைபாதையில், காட்டுக்குள், இரண்டு மணி நேரம் மெதுவாக நடந்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன். அந்தச் சரிவில் அன்று ஒன்றும் விழவில்லை. விழுந்திருந்தால் கதை வடிவாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து ஆச்சியிடம் அதைக் குத்தலாகச் சொன்னேன். "நல்லதுதானே" என்றார், அவ்வளவுதான்.

அதற்கு முன்பே, டிசம்பரில், வலது கீழ்க்காலின் எலும்பு நோகத் தொடங்கியிருந்தது. ஏறும்போது மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. வேறோர் இடத்தில் காட்டியபோது "வயது போகுதுதானே" என்று அனுப்பிவிட்டார்கள், அது வேறு கதை. எங்கள் குடும்ப வைத்தியர்தான் இரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில் கிடக்கிறது என்றார். ஃபெரிட்டின் என்று ஒரு அளவு, ஓடுகிற பெண்களிடம் இது அடிக்கடி குறைந்துபோகுமாம். தங்கச்சிமாரே, களைப்பென்றால் இரண்டாவது கோப்பிக்கு முன் அதைச் சோதித்துப் பாருங்கள். எலும்புக்கு ஆறு கிழமை ஓட்டம் இல்லை என்றார். வபேர்ன் போகிற 9ஆம் இலக்க ட்ராமில் இருந்து அழுதேன், எதிரில் இருந்த ஒரு அம்மா பேசாமல் ஒரு கைக்குட்டைத் தாளை நீட்டினார். அவருக்கும் நன்றி, அவர் என்னிடம் "செய்யாதே" என்று ஒன்றும் சொல்லாதவர்.

அந்த ஆறு கிழமைக்கு வழி சொன்னவர் பிசியோதெரபி செய்கிற பெண். ஏறுவதில் எலும்புக்கு அடி குறைவு, இறங்குவதில்தான் ஒவ்வொரு காலடியும் இடி மாதிரி விழுகிறது, ஆகவே ஏறு, இறங்காதே என்றார். மலைக்கு ஏறிப் போய் இறங்காமல் இருப்பது எப்படி? பேர்ணில் அதற்கு வழி இருக்கிறது. குர்டென் எங்கள் ஊர் மலை, 858 மீட்டர், 1899 முதல் கேபிளில் இழுபடுகிற ரெயில் ஓடுகிறது. நடந்து ஏறுவேன், ரெயிலில் இறங்குவேன், மறுபடி ஏறுவேன். ஒரு ஏற்றம் ஏறக்குறைய 270 மீட்டர், கணக்குப் பார்த்தால் கிரின்டெல்வால்ட் ஓட்டத்துக்குப் பன்னிரண்டு குர்டென் வேண்டும். என்னுடைய சாதனை ஒரே நாளில் ஐந்து. நாலாவது தடவை ரெயிலில் ஏறியபோது அங்கே வேலை செய்கிறவர் "மேலே எதையாவது மறந்துவிட்டு வருகிறீர்களா?" என்று கேட்டார். கீழே சாம்பல் மூடுபனி, சில நாட்களில் உச்சிக்குச் சற்று முன்னால் அது கிழிந்து, பஞ்சுக் கடலுக்கு அப்பால் ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்றும் வெயிலில் நிற்கும். அழுததெல்லாம் அந்த இடத்தில் மறந்துபோகும், சத்தியமாக.

பிப்ரவரியில் இறக்கத்துக்கும் அவரே பயிற்சி தந்தார். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதனால்தான் மறுநாள் அந்த நோவு, அதைப் பழக்கக் கிழமைக்கணக்கில் எடுக்கும். படியிலிருந்து ஒரு காலை மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்கு, பிறகு மற்றக் கால். பல் துலக்கும்போதுகூடச் செய்தேன். ஓட்டத்தன்று ஷீனிகெ பிளாட்டெயிலிருந்து பூர்க்லாவெனென் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரேயடியாக இறங்கியபோது ஒவ்வொரு வளைவிலும் அவரை நினைத்தேன், பாதி நன்றியோடு, பாதி திட்டோடு.

வீட்டுக்கு வருகிறேன். என் கணவர் ஓடமாட்டார், ஓடுகிறவர்களைப் பார்த்தாலே களைத்துவிடுவார். ஆனால் ஐந்து மாதம் விடியற்காலை நாலரைக்கு என் அலாரம் அடித்தபோது ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, என் ஈரச் சப்பாத்துக்குள் பேப்பர் அடைத்தது எல்லாம் அவர்தான். ஒரே ஒரு தடவை கோபித்தார். பான்டிகர் மலையில் குளிருக்குப் போன் செத்துப்போய், ஏழு மணிக்கு வருவேன் என்றவள் ஏழே முக்காலுக்கு வந்து கதவைத் தட்டினேன். கையில் போனோடு நின்றார், திரையில் 1414, ரேகா ஹெலிகொப்டர் மீட்பு இலக்கம், அழுத்த மட்டும் மிச்சம். "இருட்டில் இனித் தனியாகப் போகாதே" என்றார். அதற்குப் பிறகு போகவில்லை. போனையும் உள்சட்டைக்குள் வைக்கிறேன், ஆச்சி முதல்நாளே சொன்னதுதான்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற எரித்திரியாத் தோழி எத்தனை சனிக்கிழமைகளை எனக்காக மாற்றித் தந்தாள் என்று கணக்கில்லை. இரவு வேலை முடித்து நேரே மலைக்குப் போகப் பார்த்த நாளில் என் திறப்பைப் பறித்துக்கொண்டு "முதலில் படு" என்றவளும் அவளே. அங்கே 91 வயதில் ஒரு ஐயா இருக்கிறார், மலைப் பண்ணையில் வளர்ந்தவர். யன்னலால் பார்த்துவிட்டு "பீஸ் வருகிறது" என்பார். வடகிழக்கிலிருந்து வருகிற அந்தக் காற்று எலும்பைத் துளைக்கும். நெஞ்சுக்குள் பத்திரிகைத் தாளை வை என்று அவர் சொன்னபோது சிரித்தேன். ஓட்டப் பாதையில் வருகிற ஃபௌல்ஹோர்ன் உச்சி 2680 மீட்டர், ஜூலையிலும் அங்கே காற்று சும்மா விடவில்லை, தாள் நெஞ்சுக்குள் இருந்தது.

அம்மாவுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் "ஓடுறதுக்கு நீ அவங்களுக்குக் காசு குடுக்கிறியோ? அவங்களெல்லோ உனக்குத் தரவேணும்!" என்று கேட்டவர். பதில் இன்னும் என்னிடம் இல்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு மாதக்கணக்காக நடக்கிற சனத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு 51 கிலோமீட்டரைப் பெரிதாகச் சொல்லவும் வெட்கம். ஆனால் ஓடும்போது தெம்புக்கு விழுங்குகிற இனிப்பு ஜெல் எல்லாம் குளிரில் பசை மாதிரி இறுகிக் கிடந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது அவர் சொன்ன அளவில் இடித்த எள்ளுப்பாகுதான். பனங்கட்டியைக் கேட்டபோதெல்லாம் எடுத்து வைத்த தமிழ்க்கடை அக்காவுக்கும் அதில் பங்கு.

பூர்க்லாவெனெனில் தண்ணீர் ஊற்றிய அந்தத் தொண்டர் பெடியன், என் முகத்தைப் பார்த்துக் கதிரையை இழுத்துப் போட்டு, ஐந்து நிமிடம் எழும்பவிடாமல் சூப் குடிக்க வைத்தான். பெயர் கேட்க மறந்துபோனேன்.

கடைசியாக ஒரு அறிவித்தல். வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒடியல் கூழ், மேலே சொன்ன எல்லாருக்கும், பின்னேரம் நாலு மணிக்கு. ஆச்சிக்கு உறைப்புக் குறைத்துத் தனிச் சட்டி. அன்றைக்கே இரவல் சாமான்களைத் திருப்பித் தருகிறேன். ஊன்றுதடி இரண்டும் பத்திரம், சுடுதண்ணிப் போத்தலில் நெளிவு ஒன்று, அது பான்டிகரில் விழுந்தது. சங்கிலியில் இரண்டு பல் உடைந்திருக்கிறது ஆச்சி, அதை நேரில் கதைப்போம்.