பேர்லினில் இருக்கும் தம்பிக்கு

அன்பின் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சனிக்கிழமைகளில் துருக்கிச் சகோதரர்கள் நடத்தும் நிலையத்தில் அகதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாய். அவர்கள் தங்கள் வேலையையும் இயக்கத்தையும் 'ஹிஸ்மெத்', அதாவது சேவை, என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கிண்ணியாவில் பிறந்த நமக்கு அது புதுச் சொல்லா? நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவரையும் கபுறு வெட்டப் போகிறவரையும் 'ஹித்மத் செய்கிறார்' என்றுதானே சொல்கிறோம்.

அவர்களோடு நீ சேர்ந்திருப்பதை நினைத்து வாப்பா பயப்படுகிறார், அதற்குப் பிறகு வருகிறேன். இஸ்லாத்திலிருந்து கிளம்பிய ஓர் இயக்கம் பிற நாட்டின் பிரச்சினைக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்டிருந்தாய். நிறையச் செய்ய முடியும். நான் கண்ணால் கண்டதிலிருந்து சொல்கிறேன்.

சுனாமி வந்தபோது நீ உம்மாவின் இடுப்பில் இருந்தாய். கடலோரத்து ஆஸ்பத்திரியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2009இல் திறந்த பாலமெல்லாம் அப்போது ஏது? திருமலைக்குப் போகப் பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறித்தான் கடப்போம். லொறி லொறியாகச் சாமான் வந்தது. ஒரு லொறி நிறையக் கம்பளிக் கோட்டு. நம்ம ஊர் வெயிலில் அதைப் போட யார் இருக்கிறார்கள்? கொண்டுவந்தவர்கள் பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஒருவர் வந்தார். வெளிநாட்டு முஸ்லிம் தொண்டர் குழுவொன்றைச் சேர்ந்த இளைஞர். கடல் அடித்துக்கொண்டு வந்த கதவொன்றை எடுத்து மணலைத் தேய்த்துக் கழுவினார். என்னிடம் கேட்டு, ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசி, வெயிலில் காயவைத்தார். சாவித்துவாரம் உள்ள கரும்பலகை! விளா மரத்தில் அதைச் சாய்த்து வைத்துத்தான் பின்னேர வகுப்பு. இரண்டாம் நாளே, பக்கத்து முகாமில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்டார். நானும் அவரும் போய்க் கூட்டிவந்தோம். ஏழு மாதம் இருந்தார். பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனில் நம்மோடு உட்கார்ந்து, தன் பக்கத்துச் சோற்றைத் தாண்டிக் கை போகாமல் சாப்பிடுவார். மார்க்கத்தைப் பற்றி அந்தத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் வணக்கசாலி என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஹிஸ்மெத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வரும். பெத்துல்லாஹ் குலென் என்ற இமாம் 1960களில் இஸ்மிர் நகரில் மாணவர்களுக்குத் தங்குமிடம், வகுப்பு என்று தொடங்கியது அது. அறியாமை, வறுமை, பிளவு ஆகிய மூன்றும்தான் எதிரிகள் என்று அவருக்கு முன்னமே துருக்கி மார்க்க அறிஞர் சயீத் நூர்சி சொல்லி வைத்திருந்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் இளம் ஆசிரியர்கள் மத்திய ஆசியாவுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1997இல் பிலிப்பைன்ஸின் சம்போவாங்காவில் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடம் வந்தது. சண்டை நடக்கும் ஊரில் ஒரே வகுப்பில் இரண்டு சமூகத்துப் பிள்ளைகள் என்றால் என்ன என்பது மூதூரையும் கிண்ணியாவையும் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

உன் ஊரையே எடு. 1961 ஒப்பந்தத்தின்படி துருக்கியத் தொழிலாளர்களை ஜேர்மனி அழைத்தது. 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயர் வைத்ததால், அவர்கள் பிள்ளைகளின் படிப்பை யாரும் நினைக்கவில்லை. அங்கே பல மாநிலங்களில் நாலாம் வகுப்போடு, பேர்லினில் ஆறாம் வகுப்போடு, பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்துவிடுகிறார்கள். நம்ம ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையைவிடப் பெரிய விஷயம் அது. வீட்டில் பாஷை சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளை அந்த இடத்திலேயே பின்தங்கிவிடும். நீ சனிக்கிழமை செய்கிற வேலை அந்த இடத்துக்குத்தான் நேராகப் போகிறது. பெட்ரி சதுக்கத்தில் தேவாலயம், யூத ஆலயம், பள்ளிவாசல் மூன்றையும் ஒரே கட்டடத்தில் அமைக்க 2021இல் அடிக்கல் வைத்தார்களே, அதில் முஸ்லிம் தரப்பாக நிற்பதும் இந்த இயக்கத்தோடு தொடர்புள்ள அமைப்புத்தான். நல்ல காரியம். ஆனாலும் எனக்கு உன் வகுப்புத்தான் பெரிது.

சரி, வாப்பாவின் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2016 ஜூலை 15 இராணுவப் புரட்சி முயற்சிக்குக் குலெனே காரணம் என்றது துருக்கி அரசு. அவர் மறுத்தார், 1999 முதல் அமெரிக்காவில் இருந்தவர், 2024இல் அங்கேயே மௌத்தானார். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, ஆசிரியர்கள் சிறைக்குப் போனார்கள். நிவாரண வேலை செய்த 'கிம்சே யோக் மு' அமைப்பையும் மூடினார்கள். கரும்பலகையைத் தவிர வேறொன்றையும் தொடாத ஆயிரக்கணக்கானோருக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே நேரம், யார் முடிவெடுக்கிறார்கள், காசு எங்கே போகிறது, யார் யார் இயக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை அந்த இயக்கம் வெளிப்படையாக வைக்கவில்லை. அது பெரிய பிழை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இங்கே முஸ்லிம்கள் நாம் பட்டதை நினைத்துப் பார். ஒன்றும் அறியாத சங்கங்கள்கூடக் கணக்குக் கொப்பியோடு பதில் சொல்ல நின்றன. கொப்பியை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் நிமிர்ந்து நின்று பேசினார்கள்.

ஆகவே நிலையத்தில் கணக்கைக் கேள். கேட்பதற்கு முகம் சுளித்தால் விலகிவிடு. வகுப்பு நிர்வாகத்தில் பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவரையாவது உட்காரவைக்கச் சொல். அவர்களுக்குக் கம்பளி வேணுமா, கரும்பலகை வேணுமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பின்னம் விளங்காமல் அழுத அந்தச் சிரியப் பிள்ளை இப்போது எப்படி? நான் இங்கே சஹனை வட்டமாகக் கீறி ஆறு பேருக்குப் பிரித்துத்தான் பின்னம் படிப்பிப்பேன். அந்தப் பிள்ளையின் வீட்டிலும் ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள். கீறிக் காட்டிப் பார்த்துவிட்டு எழுது.

உம்மா சலாம் சொல்லச் சொன்னா.

அன்புடன்,
நானா
கிண்ணியா, திருகோணமலை