பெரியப்பா தைத்த சட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் பெரியப்பா போய்விட்டார் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. இப்போது காரியமெல்லாம் முடிந்துவிட்டது, உங்கம்மா தூங்குகிறாள், வெளியே மழை விட்ட பாடில்லை. சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்பிவிடுகிறேன்.

அவர் நமக்கு ரத்த சொந்தம் இல்லை என்று உனக்குத் தெரியும். எப்படிப் பழக்கம் என்று முழுசாக நான் சொன்னதில்லை. 1963 மழைக்காலத்தில் உன் தாத்தா என்னை மோல்மீனில் மிஷன் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் கொண்டுவந்து விட்டார், எனக்கு ஆறு வயது. அப்போது பாலம் ஏது, அது 2005இல்தானே வந்தது. தட்டோனில் ரயிலேறி, மொட்டமாவில் இறங்கி, துறையில் காத்துக் கிடந்து, சால்வீன் ஆற்றை ஸ்டீமரில் தாண்டி வர வேண்டும். நடவு நேரம், தாத்தா அடுத்த ஸ்டீமரிலேயே திரும்பிவிட்டார். அன்று ராத்திரி, வரிசையாக இரும்புக் கட்டில் போட்ட அந்தப் பெரிய ஹாலில், கொசுவலையைக் கட்டத் தெரியாமல் அதையே போர்த்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் பையன் எழுந்து வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. நாலு மூலையையும் கட்டி, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் விரலால் குத்திக் குத்திச் சொருகினான். "தலைமாட்டைக் கடைசியாச் சொருகணும், அப்பத்தான் உள்ளே மாட்டின கொசுவை விரட்டலாம்" என்றான். அவனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அவர்தான் உன் பெரியப்பா. இன்றைக்கும் நான் வலையை அந்த வரிசையில்தான் சொருகுகிறேன்.

அவருடைய அப்பா ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். 1964 மார்ச்சில் அங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், பெட்டியில் இருந்த பணமும் வெறும் காகிதமாகிவிட்டது. அந்தச் சில வருஷத்தில் கப்பலேறிப் போன நம் ஆட்கள் லட்சத்துக்கும் மேல், அவர்கள் குடும்பமும் மெட்ராஸ் போய்விட்டது. இவர் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன் என்று நின்றவர், கடைசிவரை போகவே இல்லை. போர்டிங் பணம் கட்ட ஆளில்லை.

வார்டன் சார் அவரைக் கூப்பிட்டு, மணி அடிக்கிற ஆள் நின்றுவிட்டான், நேரம் தவறாத ஒருத்தன் வேண்டும், சம்பளம் தர வழியில்லை, சாப்பாடும் படுக்கையும் அதற்குச் சரியாகிவிடும், உனக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். இவர் பெரிய பொறுப்பு கிடைத்துவிட்டது என்று ஓடி ஓடி மணி அடித்தார். பழைய மணிக்காரர் எங்கேயும் போகவில்லை பாப்பா, சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டுதான் இருந்தார். அதன் அர்த்தம் பெரியப்பாவுக்கு விளங்கியது பல வருஷம் கழித்து, அவரே ஒரு பிள்ளைக்குத் தகப்பன் ஆன பிறகு. இதை என்னிடம் சொன்ன அன்று, துணியை மெஷினில் வைத்தபடியே மிதிக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

1965இல் மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது போர்டிங்கை மூடினார்கள், பெயர்ப்பலகை இறங்கி அந்த இடத்தில் ஒரு நம்பர் ஏறியது. அடுத்த வருஷம் வெளிநாட்டுப் பாதிரிமாரும் போனார்கள். நாங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். அவர் மட்டும் மார்க்கெட் பக்கம் ஒரு தையல்காரரிடம் காஜா எடுக்கப் போனார், பிறகு அவரே மெஷின் போட்டார், பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்.

பள்ளிக்கூடம்தான் இல்லாமல் போய்விட்டதே, இவர் யாருக்கு விசுவாசமாக இருக்கிறார் என்று கேட்டவர்கள் உண்டு. அவர் அப்படி நினைக்கவே இல்லை. பெயர்தானே மாறியது, பிள்ளைகள் அதே வாசலில்தானே நுழைகிறார்கள் என்பார். இந்த ஊர் வழக்கப்படி பழைய மாணவர்கள் கூடி வாத்தியார்களை மண்டியிட்டுக் கும்பிடும் சயா கதோவுக்கு வருஷம் தவறாமல் முதல் ஆளாக நிற்பார். வார்டன் சார் இருந்தவரை அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் காலடியில் வைத்தார், அவர் போன பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் கல்லறைக்குத் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தார். நெற்றியில் திருநீறோடுதான் அடிப்பார்.

அப்புறம் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும்போது வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் எடுக்க வழியில்லாத பிள்ளைகள் யார் யார் என்று அவருக்கு எப்படியோ தெரியும். சும்மா கொடுக்க மாட்டார். கடையைத் தாண்டிப் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு, "அளவு தப்பாத் தைச்சுப்புட்டேன், யாருக்கும் ஆகல, வீணாப் போகுது, உனக்குச் சரியா இருக்கான்னு போட்டுப் பாரு" என்பார். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும், கையில் அளவுநாடா தொங்கும், பார்த்தால் நிஜமாகவே தப்பாகத் தைத்துவிட்டுக் கவலைப்படுகிறவர் மாதிரிதான் இருக்கும்.

நீ இரண்டாம் வகுப்புப் போன வருஷம் அப்படி ஒரு சட்டையும் லுங்கியும் வாங்கிக்கொண்டு துள்ளிக்கொண்டு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? பெரியப்பா தப்பாகத் தைத்துவிட்டார் அப்பா, எனக்கு அதிர்ஷ்டம் என்றாய். அப்போது நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அரிசி மில்லில் வேலை போய் எட்டு மாதம். யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. லுங்கியின் அடியில் இரண்டு விரல் அகலம் மடித்துத் தைத்திருந்தார், நீ வளர வளர அவிழ்த்து விடலாம் என்று. அடுத்த வருஷம் உங்கம்மா அவிழ்த்தபோது அந்த இரண்டு விரல் அகலம் மட்டும் பச்சை புதுசாக இருந்தது. எல்லாரும் பார்ப்பார்கள் என்று நீ அழுதாய். நான் உன்னை அதட்டினேன். ஏன் அதட்டினேன் என்று இப்போது உனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று என் மனதை அறுக்கிறது. போன வருஷம் துணி விலை ஏறிய ஏற்றத்தில், உங்களுக்கும் வயதாகிறது, இனி போதும் அண்ணே என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. தன் பழைய வேட்டியைப் பிரித்து அதில் நாலு சட்டை வெட்டினார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

நேற்று அவரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வழியாகப் போனோம். நிறுத்த வேண்டும் என்று யாரும் பேசி வைக்கவில்லை. காவலாளி அந்த மழையில் வந்து கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்றோம். குடையில்லாத பிள்ளைகள் வராந்தா ஓரத்தில் வந்து நின்றார்கள். 75 வயது, படுத்துக் கிடக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அவருடைய நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த போர்டிங்கில் இருந்தவர்கள் யார் எந்த ஊரில் என்று தமிழிலும் பர்மியிலும் எழுதி வைத்திருக்கிறார், இறந்தவர்களை அடிக்கவில்லை, பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருக்கிறார். சிங்கப்பூரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், நீயே கூப்பிட்டுச் சொல்லு, என்னால் இன்னொரு தடவை சொல்ல முடியாது. ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார், நிதானமாகப் பேசு.

மெஷினை அவர் மகன் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். வெட்டி வைத்த துணி ஐந்து சட்டைக்கு இருக்கிறது. உங்கம்மா தைக்கிறேன் என்கிறாள், காஜா நான் எடுப்பேன், அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ராத்திரி எட்டுக்கு மேல் போன் பண்ணு, கரண்ட் அப்போதுதான் வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா