பிளாக் மகளிர் நலச் சங்கம், வடசென்னை: செயலாளரின் ஆண்டறிக்கை (2024-25)

தலைவி அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போடுபவர்களுக்கும் வணக்கம்.

கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் வழக்கம்போல் நடந்தன. தண்ணீர் லாரிக்காக மனு கொடுத்தோம், பதில் இல்லை.

இந்த ஆண்டு நான் முன்னின்று நடத்தியது, பிள்ளைகளுக்கு நடுவில் இடைவெளி விடுவது பற்றிய தாய்மார் கூட்டம். "இதெல்லாம் சங்க வேலையா?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். பதில் பதிவாகட்டும். இரண்டு பிள்ளையோடு கருத்தடை ஆபரேஷன் என்பது நம் குடியிருப்பு பிளாக்குகளில் பழகிப்போன விஷயம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் ஆபரேஷன் செய்தவர்கள். கரு தங்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியை வைத்தவர்கள் 5 பேர்கூட இல்லை. ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் என்று பார்த்தால் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார். சிக்கல் முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான். பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு 24 மாதமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே கைக்குழந்தை நடக்கும் முன்பே மறுபடி முழுகாமல் இருக்கிறார்கள். உடம்பில் ரத்தம் இல்லை, வேலைக்குப் போகும் வீடும் கைவிட்டுப் போகிறது.

கூட்டத்துக்கு வந்த நர்சம்மா காப்பர்-டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தீக்குச்சி நீளம்கூட இல்லை. "இதுவா நெஞ்சுக்கு ஏறிடும்னு சொன்னாங்க?" என்று ஓர் ஆயா கேட்க, கூடமே சிரித்தது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே இதை வைக்கலாம். அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். யாருக்கு எது ஒத்துவரும் என்பதை டாக்டர் சொல்வார். தாய்ப்பால் கொடுத்தால் கரு தங்காது என்று நம்பியிருப்பவர்களுக்கு: அது முதல் ஆறு மாதம், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதவரைக்கும்தான்.

மாமியார்கள் வந்தார்கள், மருமகள்களை அனுப்பவில்லை. செயற்குழுவினர் தாங்களும் வரவில்லை, மருமகள்களையும் அனுப்பவில்லை. மாலையில் தண்ணீர் வருகிறது என்றார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். அன்றைக்குக் கறி எடுக்க வேண்டுமாம்.

சந்தா மாதம் இருபது ரூபாய். மூன்றாவது பிளாக்கில் பாதிப் பேர் பாக்கி. சீட்டுக் கட்டுவதில் மட்டும் தேதி தவறுவதில்லை. வரவு செலவு நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது. இதரச் செலவு சற்றுக் கூடியது; வந்தவர்களுக்கு டீயும் பன்னும் கொடுத்தோம், அவ்வளவுதான். நர்சம்மாவுக்கும், பந்தல் நாற்காலி தந்தவருக்கும், தலைவி அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு கணவன்மார்களை உட்கார வைத்துப் பேசும் எண்ணம் உண்டு. ஆண்கள் ஆபரேஷன் சிறியது, அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம்வரை மட்டும் ஆணுறை வேண்டும். ஆள் சேர்க்கத் தனியாக என்னால் ஆகாது. பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியையும் ரெஜிஸ்டரையும் இன்றே கொடுக்கிறேன். இல்லையென்றால் பிளாக்குக்கு ஒருவராவது பெயர் கொடுங்கள். ரசீதுப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்கள் போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்